சத்தமில்லாத மைனரும் கத்திவாக்கத்துச் சாம்பலும்

பிட்காயின் ‘மைனிங்’ என்றால் ஷெட் நிறைய இரைந்துகொண்டிருக்கும் இயந்திரங்கள்தான் நினைவுக்கு வரும். இப்போது அதே வேலையைச் செய்கிற கருவிகள் உள்ளங்கை அளவில் வந்துவிட்டன. படுக்கையறையில் வைத்தாலும் தூக்கம் கெடாது, ஒரு எல்இடி பல்பு அளவுக்குத்தான் கரன்ட் இழுக்கும், தினமும் கொஞ்சம் காசு சேரும் என்று சொல்லி விற்கிறார்கள். இதில் முதல் இரண்டும் பெரும்பாலும் உண்மை. மூன்றாவதைக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். அந்தக் கணக்கைத் தமிழ்நாட்டு மின்கட்டணத்தை வைத்துப் போட வேண்டும். அந்த கரன்ட் எங்கிருந்து வருகிறது என்பதையும் அதில் சேர்க்க வேண்டும். இரண்டையும் சேர்த்தால், விளம்பரங்களில் இருக்கும் ஒப்பீட்டு அட்டவணை பாதி அட்டவணைதான் என்று தெரிந்துவிடும்.

முதலில் இந்தக் கருவி செய்கிற வேலை. உலகம் முழுவதும் உள்ள மைனர்கள் ஒரே நேரத்தில் ஒரு எண் புதிருக்கு விடையை ஊகித்துக்கொண்டே இருக்கின்றன. ஏறத்தாழ 10 நிமிடத்துக்கு ஒருமுறை ஏதோ ஒன்றுக்கு விடை மாட்டும். அதற்குப் பிட்காயின் கணக்கேட்டில் புதிய பக்கத்தை, அதாவது ‘பிளாக்’கை, எழுதும் உரிமையும் பரிசும் கிடைக்கும். 2024 ஏப்ரலில் பாதியாகக் குறைந்த பிறகு அந்தப் பரிசு 3.125 பிட்காயின். விடையை யோசித்துக் கண்டுபிடிக்க வழி கிடையாது. எத்தனை முறை ஊகிக்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான் வாய்ப்பு. ஆகவே வினாடிக்கு எத்தனை ஊகம் என்பதுதான் ஒரு மைனரின் திறன். அதை டெராஹேஷ், அதாவது வினாடிக்கு ஒரு லட்சம் கோடி ஊகம் என்ற அளவில் சொல்வார்கள். ஊகங்களுக்குச் செலவாகும் மின்சாரம் அத்தனையும் கடைசியில் வெப்பமாகிறது. அந்த வெப்பத்தை வெளியே தள்ளும் ஃபேன்தான் சத்தத்துக்குக் காரணம். ஆக, சத்தம் குறைந்த மைனர் என்றால் பெரும்பாலும் ஊகம் குறைந்த மைனர் என்றே பொருள்.

சந்தையில் உள்ளவற்றை அடுக்கிப் பார்த்தால் இது விளங்கும். தொழில்முறைக் கூடங்களுக்காக பிட்மெயின் நிறுவனம் செய்யும் ஆன்ட்மைனர் எஸ்21 வகை 200 டெராஹேஷ் கொடுக்கும். 3,500 வாட் இழுக்கும். பக்கத்தில் நின்று பேச முடியாது. வீட்டுக்கு என்று கனான் நிறுவனம் விற்கும் அவலான் மினி 3 தருவது 37.5 டெராஹேஷ், இழுப்பது 800 வாட். குளிர்நாடுகளில் இதை ரூம் ஹீட்டராகவும் பயன்படுத்தலாம் என்று சொல்லியே விற்கிறார்கள். அதே நிறுவனத்தின் நானோ 3எஸ், 140 வாட்டில் 6 டெராஹேஷ். இன்னும் சின்னது ‘பிட்ஆக்ஸ் காமா’. யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளும்படி வரைபடத்தைத் திறந்து வைத்திருக்கும் கருவி இது. உள்ளே இருப்பது எஸ்21-இல் இருக்கும் சிப்புக்கு உறவுக்காரச் சிப் ஒன்று மட்டும். 17 வாட் அளவில் 1.2 டெராஹேஷ் கொடுக்கும். இதற்கும் கீழே ‘நெர்டுமைனர்’ இருக்கிறது. அதன் ஊக வேகம் டெராஹேஷில் லட்சத்தில் ஒரு பங்கைக்கூடத் தொடாது. அது அலமாரிக்கு அழகு, அவ்வளவுதான்.

இப்போது வருமானம். உலகின் மொத்த ஊகத் திறன் 2025-இல் நூறு கோடி டெராஹேஷைத் தொட்டது. ஒரு நாளைக்கு எல்லா மைனர்களுக்குமாகக் கிடைப்பது 450 பிட்காயின். ஒரு பிட்காயின் விலையை ஒரு கோடி ரூபாய் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். பலர் சேர்ந்து ஊகித்துப் பரிசைப் பங்கிட்டுக்கொள்ளும் ‘பூல்’ ஒன்றில் சேர்ந்தால், காமாவின் பங்கு நாளொன்றுக்கு ஐந்து ரூபாய் நாற்பது காசு. நானோ 3எஸ்ஸின் பங்கு 27 ரூபாய். பூலில் சேராமல் தனியாக ஊகித்தால் மொத்தப் பரிசும் நமக்கே. ஆனால் ஒரு காமாவுக்கு அது விழச் சராசரியாக 16,000 ஆண்டு ஆகும். 2024-லும் 2025-லும் இத்தகைய சின்னக் கருவிகளுக்கு முழுப் பரிசு விழுந்த செய்திகள் வந்தன, அவை உண்மைதான். தமிழ்நாட்டில் 2003 ஜனவரியில் லாட்டரி தடை செய்யப்படுவதற்கு முன்பும் யாரோ ஒருவருக்கு வாராவாரம் பரிசு விழுந்துகொண்டுதான் இருந்தது. விழுந்தவர் படம் பேப்பரில் வரும். விழாதவர்கள் கணக்கு எங்கும் வராது.

வரவைப் பார்த்தாயிற்று, செலவுக்கு வருவோம். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங் எடுக்கிறார்கள். முதல் 100 யூனிட் இலவசம். அதன்பின் ஸ்லாப் ஏற ஏற யூனிட் விலையும் ஏறும். 500 யூனிட்டைத் தாண்டினால் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுக்குக் கிடைத்துவந்த சலுகை விலையும் கைவிட்டுப் போகும். 500-க்கு மேற்பட்ட ஒவ்வொரு யூனிட்டும் எட்டு ரூபாய்க்கு மேல். ஏசி ஓடும் ஒரு சென்னை வீடு இரண்டு மாதத்தில் 400 யூனிட் பயன்படுத்துகிறது என்று கொள்வோம். அங்கே நானோ 3எஸ் ஒன்றை இடைவிடாமல் ஓட்டினால் 200 யூனிட் கூடும். 2024 ஜூலையில் உயர்ந்த கட்டண அளவில் பில் ரூ.1,700-க்கு மேல் ஏறும். அந்த 60 நாளில் கருவி ஈட்டுவது ரூ.1,620. இத்துடன் முடியவில்லை. 2022 ஏப்ரல் முதல் கிரிப்டோ வருமானத்துக்கு 30 சதவீத வரி, அதன்மேல் செஸ். மைனிங்குக்குக் கருவி வாங்கிய செலவையும் மற்றக் கட்டமைப்புச் செலவையும் இதில் கழிக்க முடியாது என்று ஒன்றிய அரசு அந்த ஆண்டே நாடாளுமன்றத்தில் தெளிவாகச் சொல்லிவிட்டது. கரன்ட் பில்லுக்கும் கழிவு இல்லை. ஆக, வரி போகக் கையில் ரூ.1,115, பில்லுக்குப் போவது ரூ.1,700-க்கு மேல். இரண்டு மாதத்துக்கு அறுநூறு ரூபாய் நஷ்டம், கருவியின் விலையைச் சேர்க்காமலே. 140 வாட் வெப்பத்தை வெளியேற்ற ஏசி கூடுதலாக உழைப்பதையும் இதில் சேர்க்கவில்லை. மினி 3-க்குக் கணக்கே வேண்டாம். இரண்டு மாதத்துக்கு 1,150 யூனிட் குடிக்கும் ரூம் ஹீட்டரைச் சென்னையில் யார் வாங்கப்போகிறார்கள்?

காமா மட்டும் இந்தக் கணக்கில் தப்பிக்கிறது. இரண்டு மாதத்துக்கு 25 யூனிட்டுக்குள் முடித்துக்கொள்ளும். கீழ் ஸ்லாபில் இருக்கும் வீட்டில் வரியும் பில்லும் போக ஆண்டுக்கு அறுநூறு, எழுநூறு ரூபாய் மிஞ்சலாம். ஆனால் இறக்குமதிச் செலவோடு கருவியின் விலை பத்தாயிரம் ரூபாய் என்று வைத்தால்கூட, முதலை எடுக்கப் பதினைந்து ஆண்டு ஆகும். அதற்குள் பரிசு மூன்று முறையாவது பாதியாகியிருக்கும். அடுத்தது 2028-இலேயே வரும்.

இதுவரை சொன்னது ஒரு வீட்டின் வரவு செலவு. சத்தம் கேட்காத கருவிக்கு மின்சாரம் தரும் இடத்தில் சத்தமும் சாம்பலும் இருக்கின்றன. மாநிலத்தின் மின்சாரத்தில் காற்றாலையும் சூரியசக்தியும் நிறையவே இருந்தாலும், 24 மணி நேரமும் நிற்காமல் ஓடும் கருவிக்கு இரவில் கைகொடுப்பதில் பெரும்பங்கு நிலக்கரிக்கே. சென்னைக்கு அந்த நிலக்கரி எரிவது எண்ணூர் முகத்துவாரத்தைச் சுற்றித்தான். கத்திவாக்கத்தை ஒட்டி 1970-களில் எழுந்த 450 மெகாவாட் எண்ணூர் அனல்மின் நிலையம் 2017-இல் மூடப்பட்டது. கொசஸ்தலையாற்றுக்கு அந்தப் பக்கம் அத்திப்பட்டில் வடசென்னை அனல்மின் நிலையத்தின் முதல் இரு கட்டங்கள் 1,830 மெகாவாட். மூன்றாவது கட்டமாக 800 மெகாவாட் 2024 மார்ச்சில் தொடங்கிவைக்கப்பட்டது. வல்லூரில் இன்னொரு 1,500 மெகாவாட். மூடிய எண்ணூர் நிலையத்துக்கு விரிவாக்கமாக 660 மெகாவாட் அமைப்பதற்கு 2024 டிசம்பரில் எர்ணாவூரில் கருத்துக்கேட்புக் கூட்டம் நடந்தபோது ஊர்மக்கள் கடுமையாக எதிர்த்தார்கள். எதிர்த்ததற்குக் காரணம் கண்ணெதிரே கிடக்கிறது. சாம்பலைத் தண்ணீரில் கரைத்துக் குழாய் வழியே செப்பாக்கம் சாம்பல் குளத்துக்குக் கொண்டுபோகிறார்கள். குழாய் கசிந்து கசிந்து கொசஸ்தலையாற்றுப் படுகையில் சாம்பல் படிந்துவிட்டது. காட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம் மீனவர்கள் இறாலும் நண்டும் பிடித்த இடத்தில் கால் புதையும் சாம்பல் சேறு. இது குறித்த வழக்கு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை போயிற்று.

ஒரு யூனிட் அனல்மின்சாரத்துக்கு அரை கிலோவுக்கு மேல் நிலக்கரி எரிகிறது. இந்திய நிலக்கரியில் மூன்றில் ஒரு பங்கு, சில சமயம் அதற்கும் மேல், சாம்பல். ஒரு நானோ 3எஸ் ஆண்டுக்கு 1,200 யூனிட்டுக்கு மேல் எடுக்கும். அது முழுக்க அனல்மின்சாரம் என்றால் 600 கிலோவுக்கு மேல் நிலக்கரி, 200 கிலோ சாம்பல். அந்த 200 கிலோ வாங்கியவர் வீட்டு வாசலில் வந்து விழுந்தால், இந்தக் கருவியை யாரும் அமைதியானது என்று சொல்லமாட்டார்கள்.

இதற்கு வரக்கூடிய மறுப்புகள் சாதாரணமானவை அல்ல. ஒரு சீலிங் ஃபேன் 70, 75 வாட் இழுக்கிறது, 17 வாட் கருவியை மட்டும் ஏன் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற வேண்டும் என்று கேட்கலாம். ஒற்றைக் காமாவால் கத்திவாக்கம் கெட்டுப்போகாது என்பது சரியே. ஆனால் ஃபேன் கொடுக்கும் காற்றுக்கு மாற்று கிடையாது. பிட்காயின் கணக்கேட்டுக்கோ ஒரு மைனர் கூடினாலும் குறைந்தாலும் வேறுபாடு இல்லை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை புதிரின் கடினத்தன்மையை அந்த அமைப்பே திருத்திக்கொள்ளும். ஊகம் கூடினால் புதிரும் கடினமாகும். பிளாக் பத்து நிமிடத்துக்கு ஒன்றுதான். அதனால்தான் சிப்புகள் ஆண்டுதோறும் சிக்கனமாகியும் மொத்த மின்செலவு குறையவில்லை. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் 2025 அறிக்கை அதை ஆண்டுக்கு 138 டெராவாட் மணி, உலக மின்நுகர்வில் அரை சதவீதம் என்று மதிப்பிடுகிறது. மின்செலவு குறைய வேண்டுமானால் முறையே மாற வேண்டும். பிட்காயின் போன்ற இன்னொரு கிரிப்டோவான எத்தேரியம் 2022 செப்டம்பரில் மைனிங்கையே கைவிட்டபோது அதன் மின்தேவை 99 சதவீதத்துக்கு மேல் விழுந்தது.

மொட்டைமாடியில் சோலார் இருந்தால் கரன்ட் இலவசம்தானே என்பது இன்னொரு வாதம். நெட் மீட்டர் பொருத்திய வீட்டில் உபரி மின்சாரம் மின்வாரியத்தின் கம்பிக்குப் போகிறது, பில்லில் கழிகிறது. அதை மைனருக்குத் திருப்பிவிட்டால் அந்தக் கழிவு நமக்கும் இல்லை, அந்த அளவு நிலக்கரி மிச்சமும் ஊருக்கு இல்லை. முதல் 100 யூனிட் இலவசத்துக்குள் அடக்கிவிடலாம் என்பவர்கள் அந்த இலவசத்தின் விலையை அரசு மானியமாகக் கட்டுகிறது என்பதை நினைக்க வேண்டும். மலிவான கரன்ட் மைனிங்கை எப்படி இழுக்கும் என்பதற்கு ஈரான் சாட்சி. 2021-இல் மின்வெட்டு தாங்காமல் அங்கே நான்கு மாதம் மைனிங்கையே நிறுத்தச் சொன்னார்கள்.

கொள்கை சார்ந்த மறுப்பு ஒன்றும் உண்டு: பிட்காயின் சில பெரிய பூல்களின் பிடியில் சிக்கிவிடாமல் இருக்க வீட்டுக்கு வீடு மைனர் வேண்டும் என்பது. நோக்கம் நல்லதுதான், அளவு போதாது. பத்து லட்சம் வீடுகளில் காமா ஓடினாலும் சேர்வது மொத்தத் திறனில் ஆயிரத்தில் ஒன்றுக்குச் சற்று மேல். அக்கறை உள்ளவர்கள் பழைய கம்ப்யூட்டரிலோ ராஸ்பெர்ரி பை எனும் சின்னக் கம்ப்யூட்டரிலோ முழு ‘நோடு’ ஒன்றை ஓட்டலாம். எந்த பிளாக் செல்லும், எது செல்லாது என்று சொந்தமாகச் சரிபார்ப்பது அதுதான். சின்னக் கம்ப்யூட்டரில் அதற்குச் சில வாட் போதும், பரிசு ஆசையும் இல்லை.

எலக்ட்ரானிக்ஸ் படிக்கும் பிள்ளைகளுக்கு சிப், வெப்பம், மின்னழுத்தம் ஆகியவற்றைக் கையால் தொட்டுக் கற்க காமா போன்ற திறந்த வரைபடக் கருவி நல்ல பாடம். அதற்காக வாங்கலாம், கற்றது போதும் என்றதும் பிளக்கைப் பிடுங்கிவிடலாம். வருமானத்துக்காக வாங்குவதாக இருந்தால், நானோ 3எஸ் அளவுக்கோ அதற்கு மேலோ இழுப்பவை ஏசி ஓடும் தமிழ்நாட்டு வீட்டு மீட்டரில் தேறாது; அதற்குக் கீழே உள்ளவை போட்ட முதலைத் திருப்பித் தராது. விற்பவர் காட்டும் அட்டவணையில் வாட், டெசிபல், டெராஹேஷ் என்று மூன்று கட்டம் இருக்கும். நான்காவதாக நம் வீட்டு ஸ்லாபையும், ஐந்தாவதாக வரியையும், ஆறாவதாக அந்தக் கரன்டுக்கு எவ்வளவு சாம்பல் என்பதையும் நாமே எழுதிக்கொள்ள வேண்டும். ஆறு கட்டத்தையும் நிரப்பிய பிறகும் வாங்கத் தோன்றினால், அது பொழுதுபோக்குச் செலவு என்று குடும்பக் கணக்கில் எழுதிவிட்டு வாங்கலாம்.