பையனுக்கு எந்தத் துப்பாக்கி?

அமெரிக்காவில் இலையுதிர் காலம் வந்தால் மான் வேட்டைதான். தகப்பனார்கள் மகனையும் உடன் அழைத்துப் போவார்கள். (நம் நாட்டில் வேட்டைக்குத் தடை. அங்கே உரிமம் பெற்று ஆடலாம்.)

பையனுக்கு எந்தத் துப்பாக்கி வாங்குவது?

பலர் தாங்கள் சுடும் '30-06' ரகத்தையே அவன் கையிலும் கொடுத்துவிடுகிறார்கள். அது 1906-ல் அமெரிக்க ராணுவத்துக்காக வந்த தோட்டா. சுட்டால் தோளில் ஓங்கி உதைக்கும்!

கண்ணை மூடுவான்

ஒரு முறை உதை வாங்கிய பையன், அடுத்த முறை விசையை இழுக்கும்போதே கண்ணை மூடிக்கொள்வான். உடம்பு குலுங்கும். மானின் நெஞ்சில் பட வேண்டிய குண்டு வயிற்றில் படும். பாவம், அந்த வாயில்லா ஜீவன் குற்றுயிராக ஓடிப் புதரில் கிடந்து சாகும். அதைப் பார்த்த பையன் மறுபடியும் துப்பாக்கியைத் தொடுவானா?

1955-ல் '243 வின்செஸ்டர்' வந்தது. அதன் குண்டு கால் அங்குலப் பருமன்கூட இல்லை. ஆனாலும் மானை வீழ்த்தப் போதும். உதையோ ஏறக்குறையப் பாதிதான்!

முழங்கை சோதனை

நீளமும் பொருந்த வேண்டும். துப்பாக்கிக் கட்டையின் அடியை முழங்கை மடிப்பில் வைத்தால், விரல் விசைக்கு எட்ட வேண்டும். எட்டாவிட்டால் கட்டை நீளம். குட்டையானதை வாங்க வேண்டும்.

அதற்கும் முன்னால், '22' என்ற சின்ன ரகத்தில் காகிதத்தைச் சுட்டுப் பழகுவது நல்லது. அதில் உதையே தெரியாது. மானுக்கு மட்டும் அது ஆகாது.

தகப்பனாருக்கு? குதிரை அளவு வளரும் 'எல்க்' மானைத் தேடிப் போகிறவர் என்றால், பழைய 30-06 அவரிடமே இருக்கட்டும்.