சாவியைத் தேய்த்தால் பெட்டி கிளம்பும்!

சென்னை எம்.கே.பி. நகரில் எங்கள் வீட்டு டி.வி.யில் பிபிசியின் 'டாக்டர் ஹூ' தொடரின் முதல் பகுதி. கறுப்பு வெள்ளை. வாத்தியார் ஒருவரும் டீச்சர் ஒருவரும் மாணவியைத் தேடிப் போய், காயலான் கடையில் நிற்கும் போலீஸ் டெலிபோன் பெட்டிக்குள் நுழைகிறார்கள். உள்ளே எம்மாம் பெரிய கூடம்! "இன்னாடா இது, பொட்டி இம்மாத்துண்டு, உள்ள கல்யாணமே பண்லாம் போலக்குதே" என்று ஆயா எழுந்தே உட்கார்ந்துவிட்டார். ஹவுசிங் போர்டு வீட்டில் ஆறு பேரோடு படுத்தவர் அல்லவா!

திரைக்குப் பின்னால் நடந்தது இன்னும் ஜோர். காலத்தில் பயணம் செய்யும் அந்தப் பெட்டி கிளம்பும்போது இழுத்து இழுத்து மூச்சு விடுமே, அது எந்த இயந்திரமும் இல்லை. ஒலி அமைத்த பிரையன் ஹாட்ஜ்ஸன் தன் அம்மாவின் வாசற்கதவுச் சாவியைப் பழைய பியானோவின் கம்பியில் வைத்துத் தேய்த்த சத்தம்! பிறகு டேப்பில் போட்டு உருட்டிப் புரட்டினார்.

தொடரின் முகப்பில் நெளியும் ஒளி? கேமராவைத் தன் படம் ஓடும் மானிட்டரையே பார்க்க வைத்தார்கள். சலூனில் எதிரெதிர் கண்ணாடிக்குள் நம் தலை ஆயிரமாகத் தெரியுமே, அதே கூத்து. இசைக்கு மெட்டு ரான் கிரெய்னர். அதை ஒலியாக்கியவர் டீலியா டெர்பிஷயர்: கம்பியைச் சுண்டி, ஆஸிலேட்டரைப் பாட வைத்து, டேப்பைத் துண்டு துண்டாக வெட்டி ஒட்டினார். கிரெய்னரே அசந்துபோய்ப் பங்கு தர நினைத்தார். பிபிசி விதி விடவில்லை. தொடரின் திரையில் டீலியா பெயர் வர 2013 ஆயிற்று. அநியாயம்!

இயக்கியது யார் தெரியுமா? நம்ம லக்னோவில் பிறந்த வாரிஸ் ஹுசைன்! எழுத்தாளர் அத்தியா ஹொசைனின் மகன். அப்போது வயது 24. தயாரிப்பாளர் வெரிட்டி லாம்பர்ட்டுக்கு 27. இந்த இரண்டு பொடிசுகளும் எடுத்த முதல் பதிவில் பெட்டிக்குள் இருந்த கதவு சரியாக மூடவே இல்லை. மேலதிகாரி சிட்னி நியூமன் பார்த்தார். மொத்தத்தையும் மறுபடி எடுக்கச் சொன்னார். எடுத்தார்கள். 1963 நவம்பர் 23 மாலை ஒளிபரப்பு. முந்தின நாள்தான் அமெரிக்க அதிபர் கென்னடி சுடப்பட்டிருந்தார். ஊர் உலகமே அந்தச் செய்தியில் மூழ்கிக் கிடந்தது. அதனால் மறுவாரம் இதே பகுதியை இன்னொரு தடவை போட்டுவிட்டுத்தான் இரண்டாவதைக் காட்டினார்கள்.

நியூமன் தள்ளிய அந்த முதல் பதிவும் அழியாமல் இருக்கிறது. கிடைத்தால் விடாதீர்கள். கதையை அப்புறம் பார்க்கலாம், முதலில் கதவைப் பாருங்கள்!