கடலிலும் ஒரு பிள்ளை மடுவம்



ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றுக்குப் போயிருந்தேன். பகல் பதினொரு மணி. லயத்து வாசலில் ஐந்தாம் வகுப்புச் சிறுமியொருத்தி இடுப்பில் தம்பியுடன் நின்றாள்.

"பள்ளிக்கூடம் இல்லையா?" என்றேன்.

"பிள்ளை மடுவத்து ஆயாவுக்குச் சுகமில்ல மிஸ். அம்மா கொழுந்துக்குப் போயிட்டாங்க."

அந்த வாரம் முழுவதும் அவள் பள்ளிக்குப் போகவில்லை.

மாலையில் மாதர் கூட்டத்தில் இதைச் சொன்னேன். "அவங்கவங்க பிள்ளைய அவங்கவங்கதானே மிஸ் பார்க்கணும்?" என்றார் ஓர் அக்கா. பதிலுக்கு நான் திமிங்கிலத்தின் கதையைச் சொன்னேன். முதலில் எல்லோரும் சிரித்தார்கள்.

நமது திருகோணமலையில் கரைக்கு அருகிலேயே கடல் மிக ஆழமாகிவிடுகிறது. எண்ணெய்த் திமிங்கிலங்கள் அங்கே வருவதுண்டு. 1979இல் இந்து சமுத்திரம் திமிங்கிலங்களின் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அதைத் தொடர்ந்து 1980களின் தொடக்கத்தில் ஹால் வைட்ஹெட் முதலிய ஆய்வாளர்கள் 'டியூலிப்' என்ற பாய்ப்படகில் இலங்கைக் கடலில் இவற்றைப் பின்தொடர்ந்தார்கள். பிற கடல்களிலும் ஆய்வுகள் நடந்தன. இவற்றின் குடும்ப வாழ்வு இப்படித்தான் தெரிய வந்தது.

பத்துப் பெண் திமிங்கிலங்கள் அளவில், குட்டிகளுடன் ஒன்றாக வாழும். பாட்டி, தாய், மகள் என்று பெரும்பாலும் உறவுக்காரர்கள். உறவில்லாதவர்கள் சேர்ந்திருப்பதும் உண்டு. ஆண்கள் வளர்ந்ததும் பிரிந்து குளிர்கடல்களுக்குப் போய்விடும்.

இவற்றின் முக்கிய உணவு கணவாய். அதைத் தேடித் தாய் அரைக் கிலோமீற்றருக்கும் கீழே போகிறாள். மேலே வர முக்கால் மணி நேரம்கூட ஆகும். குட்டியால் அந்த ஆழத்துக்குப் போக முடியாது. மேலே தனியே விட்டால் சுறாவும் கொல்லும் திமிங்கிலமும் பிடித்துவிடும். ஆகவே குட்டியுள்ள கூட்டத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் மூழ்குவதில்லை. ஒருத்தி இறங்கும்போது இன்னொருத்தி மேலே இருப்பாள். குட்டி அவளோடு ஒட்டிக்கொள்ளும். ஆபத்து வந்தால் குட்டியை நடுவில் விட்டுச் சுற்றிலும் வட்டமாக நிற்பார்கள்.

இதில் எனக்குப் பிடித்தது ஒன்று. அங்கே காவல் ஒருத்தியின் தலையில் மட்டும் விழுவதில்லை, முறை மாறுகிறது. நமது லயத்திலோ அது எப்போதும் மூத்த மகளின் தலையில்தான் விழுகிறது. அவள் இழப்பது ஒரு நாள் பேர் அல்ல, படிப்பு.

"திமிங்கிலத்துக்குத் துரை கிடையாதே மிஸ்!" என்றாள் ஒரு இளம்பெண். உண்மைதான். நமக்கு நிர்வாகம் உண்டு. ஆயாவுக்குப் பதில் ஆள் போடும்படி நாம் ஒன்றாகப் போய்க் கேட்க வேண்டும். ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளையுள்ள தாய்க்கு வேலை நேரத்தில் இரு முறை பாலூட்டும் இடைவேளை சட்டத்திலேயே உண்டு. அதையும் விட்டுக்கொடுக்கக் கூடாது.

ஆனால் கேட்டது கிடைக்கும் வரை? அன்றிரவே ஐந்து தாய்மார் ஒரு கொப்பியில் முறை எழுதினார்கள். ஆயா வராத நாளில் ஒருவர் நிற்பார். அவருடைய பேருக்கு மற்ற நால்வரும் பங்கு போடுவார்கள். முதல் பெயரை எழுதச் சொன்னவர், கேள்வி கேட்ட அதே அக்காதான்.

அடுத்த முறை போனபோது அந்த லயத்து வாசலில் சிறுமி இல்லை. பள்ளிக்கூடத்தில் இருந்தாள்.

சகோதரிகளே, உங்கள் லயத்தில் இன்று பிள்ளையைத் தூக்கி நிற்பது யார்?