அமானிதமான உடலும் அளவான உணவும்

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நபி முஹம்மத் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களது குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.

   

ஒரு நாள் அஸர் தொழுகை முடிந்த பின்னர் எமது மஹல்லாவைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் என்னருகே வந்து அமர்ந்தார். வயது இருபத்தைந்து இருக்கும். அவருடைய வாப்பா சீனி வருத்தத்தினால் கால் விரல்களை இழந்தவர். தனக்கும் அந்நிலை வந்துவிடுமோ என்ற அச்சம் மகனைப் பிடித்திருந்தது.

"ஹஸ்ரத், உடம்பைக் குறைக்க இரண்டு தடவை முயன்றுவிட்டேன். முதல் தடவை சோற்றை அடியோடு விட்டேன். ஆறு கிலோ குறைந்தது. மூன்று மாதத்தில் எட்டுக் கிலோவாகத் திரும்பி வந்துவிட்டது. அடுத்த தடவை யாரோ சொன்ன ஒரு தூளை வாங்கிக் குடித்தேன். வயிற்றோட்டமும் மயக்கமும்தான் மிச்சம். எனது ஈமானில்தான் பலம் இல்லையா?" என்று கேட்டார்.

"தம்பி, குறை உமது ஈமானில் அல்ல, நீர் தேர்ந்தெடுத்த வழியில்தான்" என்று கூறினேன். அன்று அவருக்குக் கூறியவற்றையே இன்று உங்கள் முன்னும் சற்று விரிவாக வைக்க விரும்புகிறேன்.

உடலுக்கும் உரிமை உண்டு

அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரழி) அவர்கள் பகலெல்லாம் நோன்பு நோற்று, இரவெல்லாம் நின்று வணங்கி வந்தார்கள். இதனை அறிந்த நபி (ஸல்) அவர்கள் அவரை அழைத்து, அவரது உடலுக்கும் கண்களுக்கும் மனைவிக்கும் அவர் மீது உரிமை உண்டு என்பதை நினைவூட்டினார்கள். புகாரியில் பதிவான செய்தி இது. வணக்கத்தின் பெயரால்கூட உடலை வாட்டி வதைப்பதற்கு மார்க்கம் இடமளிக்கவில்லை என்றால், அழகின் பெயராலும் அவசரத்தின் பெயராலும் அதனைப் பட்டினி போடுவதற்கு எவ்வாறு இடமளிக்கும்?

இதற்கு மறுபக்கமும் உண்டு. ஸூறா அல்அஃராஃபின் 31ஆம் வசனம் உண்பதையும் பருகுவதையும் அனுமதித்துவிட்டு, உடனேயே வீண்விரயத்தைத் தடை செய்கிறது. வீண்விரயம் என்றதும் வீசியெறியப்படும் உணவுதான் நமது நினைவுக்கு வருகின்றது. ஆனால் தேவைக்கு மேல் வயிற்றுக்குள் தள்ளப்படும் உணவும் விரயமே. மிக்தாம் இப்னு மஃதீகரிப் (ரழி) அவர்கள் அறிவிக்கும், திர்மிதியில் பதிவான ஹதீஸ், முதுகை நிமிர்த்தி வைக்கச் சில கவளங்களே போதும் என்றும், அதிகம் உண்டே ஆகவேண்டும் என்றால் வயிற்றில் மூன்றில் ஒரு பங்கு உணவுக்கும், ஒரு பங்கு நீருக்கும், ஒரு பங்கு மூச்சுக்கும் என்றும் வழிகாட்டுகிறது. ஆகவே, நிரம்ப உண்பதும் அமானிதத்துக்கு மாறு. பட்டினியால் வதைப்பதும் அமானிதத்துக்கு மாறு. இவ்விரண்டுக்கும் இடையில் ஒரு நடுவழி இருக்கின்றது.

அவசரம் ஏன் தோற்கின்றது?

ஒருவர் திடீரென உணவைப் பெருமளவு குறைத்தால் முதல் வாரத்தில் தராசு மகிழ்ச்சியான செய்தி சொல்லும். ஆனால் அப்போது குறைவதில் பெரும்பகுதி கொழுப்பு அல்ல, நீர். பட்டினி நீடித்தால் கொழுப்போடு தசையும் கரைகின்றது. உடலோ இதனைப் பஞ்சகாலம் எனக் கருதி, தான் செலவிடும் சக்தியைச் சிக்கனப்படுத்திக்கொண்டு பசியைக் கூட்டுகின்றது. இது அல்லாஹ் நமது உயிரைக் காக்க அமைத்துள்ள ஏற்பாடு. எனவே பட்டினியைக் கைவிட்டுப் பழைய உணவுக்குத் திரும்பியவுடன் போன நிறை மீண்டும் வந்து சேர்கின்றது. அந்த இளைஞருக்கு நேர்ந்ததும் இதுதான்.

நபி (ஸல்) அவர்களின் இன்னொரு போதனையை இங்கு நினைவுகூர வேண்டும். அமல்களில் அல்லாஹ்வுக்கு மிக விருப்பமானது, குறைவாக இருந்தாலும் தொடர்ந்து செய்யப்படுவதே என்ற கருத்திலமைந்த ஹதீஸை ஆஇஷா (ரழி) அவர்கள் அறிவிக்கிறார்கள். தொழுகைக்கும் திலாவத்துக்கும் நாம் மேற்கோள் காட்டும் இந்த அடிப்படை உடல்நலத்துக்கும் முற்றிலும் பொருந்துகின்றது. ஒரு மாதத்தில் பத்துக் கிலோ என்பது ஆசை. மாதத்திற்கு ஒன்று அல்லது இரண்டு கிலோ என்பது நிலைக்கக்கூடிய வழி.

சிறிய மாற்றத்தால் என்ன பயன் என்று எண்ணிவிடாதீர்கள். அமெரிக்காவில் நடைபெற்று 2002ஆம் ஆண்டு வெளியான பெரியதோர் ஆய்வில், நீரிழிவின் விளிம்பில் நின்றவர்களுக்கு உடல் நிறையில் 7 சதவீதத்தைக் குறைத்து, வாரத்திற்கு 150 நிமிடம் உடலை இயக்குமாறு இலக்கு வைக்கப்பட்டது. அவர்களிடையே நீரிழிவு ஏற்படுவது 58 சதவீதம் குறைந்தது. 80 கிலோ நிறையுள்ளவருக்கு 7 சதவீதம் என்பது ஆறு கிலோவுக்கும் குறைவு. நமது அயலிலே, இந்தியாவில் நடைபெற்று 2006இல் வெளியான ஆய்விலும் உணவு மாற்றமும் நடையும் நீரிழிவை 28.5 சதவீதம் குறைத்தன. வெறும் கால் மணி நேரக் கவர்ச்சி விளம்பரம் ஒன்றின் தூளுக்கு இத்தகைய ஆதாரம் உண்டா?

தேநீர்க் கோப்பையிலிருந்து தொடங்குவோம்

நமது வீடுகளில் முதல் மாற்றத்துக்கு மிக இலகுவான இடம் தேநீர்க் கோப்பை. ஒரு நாளைக்கு ஐந்து பிளேன்டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு தேக்கரண்டி சீனி என்றால் மொத்தம் பத்துக் கரண்டி. ஏறத்தாழ 50 கிராம். உலக சுகாதார அமைப்பு 2015இல் வெளியிட்ட வழிகாட்டலின்படி, சாதாரணமாக உண்ணும் வளர்ந்த ஒருவருக்கு நாள் முழுவதற்குமான உச்ச அளவே ஏறத்தாழ இதுதான். 25 கிராமுக்குள் நிற்பது இன்னும் நல்லது என்றும் அது கூறுகின்றது. பிஸ்கட்டும் வட்டிலப்பமும் இக்கணக்கில் சேரவில்லை.

ஒரே நாளில் சீனியை நிறுத்த வேண்டாம். இரண்டு கரண்டியை ஒன்றரையாக்குங்கள். இரண்டு வாரம் கழித்து ஒன்றாக்குங்கள். நாக்கு பழகிவிடும். ஒரு கரண்டி வீதம் குறைத்தாலே நாளொன்றுக்கு 100 கிலோ கலோரி குறைகின்றது. ஒரு கிலோ உடற்கொழுப்பில் ஏறத்தாழ 7,700 கிலோ கலோரி அடங்கியுள்ளது. ஆகவே ஒரு வருடத்தில் அந்த ஒரு கரண்டியின் கணக்கு நான்கு கிலோவைத் தாண்டுகின்றது. உடல் தன்னைச் சரிசெய்து கொள்வதால் நடைமுறையில் இதைவிடக் குறைவாகவே இறங்கலாம். எனினும் பாதை இறங்குமுகமானது. சீனிக்குப் பதிலாகக் கருப்பட்டியைக் கடிப்பதால் பெரிய வித்தியாசம் இல்லை, அதுவும் இனிப்பே.

இளைஞர்களே! போத்தல் பானங்களில் பச்சை, செம்மஞ்சள், சிவப்பு நிற அடையாளம் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். 2016இல் நமது நாட்டில் சீனியின் அளவைக் காட்டுவதற்காக அது கட்டாயமாக்கப்பட்டது. 100 மில்லிலீற்றரில் 10 கிராம் சீனியுள்ள பானத்தை 400 மில்லிலீற்றர் குடித்தால் எட்டுக் கரண்டி சீனி உள்ளே செல்கின்றது. எட்டுக் கரண்டி சீனி இட்ட தேநீரை உங்களில் எவரும் குடிக்க மாட்டீர்கள்.

சோற்றை விடவேண்டியதில்லை, கோப்பையின் பங்கீட்டை மாற்றினால் போதும். பாதிக் கோப்பை மரக்கறியும் கீரையும், கால் பங்கு சோறு, கால் பங்கு மீன், கோழி அல்லது பருப்பு. முடிந்தால் சிவப்பரிசி. பராட்டாவும் கொத்தும் அன்றாட இராச் சாப்பாடாக இல்லாமல் எப்போதாவது ஒரு நாளுக்குரியதாகட்டும்.

இனி நமது சஹன். ஒரே தட்டில் பலர் கூடி உண்பது நமது சகோதரத்துவத்தின் அடையாளம். அதனை விட்டுவிடுமாறு நான் கூறவில்லை. ஆனால் சஹனில் யார் எவ்வளவு உண்டார் என்பது எவருக்கும் தெரிவதில்லை. பக்கத்தில் இருப்பவர் அன்போடு இறைச்சியைத் தள்ளிவிடுவார். மறுக்க நமக்கு வெட்கம். வயிறு நிறைந்த செய்தி மூளையை எட்டச் சுமார் இருபது நிமிடம் செல்லும் என்பர். மெதுவாக, சிறிய கவளமாக உண்பவர் அச்செய்தி வரும்போது இன்னும் பாதியில் இருப்பார். வேகமாக உண்பவரோ எல்லை தாண்டியிருப்பார். வலீமா விருந்துகளுக்கு அடிக்கடி அழைக்கப்படும் எம்போன்ற மௌலவிமார்களுக்கும் இந்த அறிவுரை பொருந்தும். முதலில் எனக்கே இதைச் சொல்லிக்கொள்கிறேன்.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. பிள்ளைகள் மிச்சம் வைத்ததை, "வீணாக்கக் கூடாது" என்ற நல்ல நிய்யத்தோடு நீங்கள் உண்டுவிடுகிறீர்கள். தட்டை மிச்சமின்றி வழித்து உண்பது ஸுன்னத்தே. ஆனால் அந்த ஸுன்னத்தைப் பேணும் வழி குறைவாகப் பரிமாறுவதும், அளவாகச் சமைப்பதும் ஆகும். வீண்விரயத்தைச் சட்டியிலேயே தடுக்க வேண்டும். தாயின் வயிற்றில் அல்ல.

றமழானிலும் இதே கணக்குத்தான். பகலெல்லாம் பசித்திருந்தும் பலருக்கு அம்மாதத்தில் நிறை கூடுகின்றது. காரணம் நோன்பல்ல, இஃப்தார் விரிப்பிலுள்ள சமோசா, ரோல்ஸ், கட்லட், இனிப்புப் பானம் ஆகியவையே. பேரீச்சம்பழம், தண்ணீர், ஒரு கோப்பை கஞ்சி என்று நோன்பைத் திறந்து, மஃரிபைத் தொழுதுவிட்டு அளவாக உண்பவருக்கு இக்குறை வராது.

காலடிகளை அதிகரிப்போம்

"ஐவேளையும் தொழுகிறோமே, அதுவே உடற்பயிற்சி அல்லவா?" எனச் சிலர் கேட்பதுண்டு. தொழுகை வணக்கம். அதனை வெறும் உடற்பயிற்சியாகக் காண்பது அதன் மதிப்பைக் குறைப்பதாகும். நிறையைக் குறைக்கும் அளவுக்கு அதன் அசைவுகள் சக்தியைச் செலவிடுவதுமில்லை. ஆயினும் தொழுகை நமது நாளுக்கு ஐந்து நேரங்களை வகுத்துத் தருகின்றது. பள்ளிக்கு எடுத்துவைக்கும் ஒவ்வோர் அடிக்கும் நன்மை உண்டென ஹதீஸ்கள் கூறுகின்றன. நாமோ இருநூறு யார் தூரத்துக்கும் மோட்டார் சைக்கிளை உதைக்கிறோம்! பத்து நிமிட நடைத்தூரத்தில் பள்ளிவாசல் இருந்தால், இரண்டு நேரத் தொழுகைக்கு நடந்து சென்று திரும்பினாலே நாற்பது நிமிடம் ஆகிவிடும்.

வாரத்திற்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான இயக்கம் வேண்டும் என்பது உலக சுகாதார அமைப்பின் பரிந்துரை. நடக்கும்போது பேச முடிய வேண்டும். ஆனால் பாட்டுப் பாட மூச்சு இடம் தரக்கூடாது. அதுவே சரியான வேகம். நடந்து பழக்கமில்லாதவர் பத்து நிமிடத்தில் தொடங்கி வாரந்தோறும் ஐந்து நிமிடம் கூட்டட்டும். அரை மணி நேர நடையில் சுமார் 120 கிலோ கலோரிதான் செலவாகும். ஒரு போத்தல் இனிப்புப் பானம் அதனை ஈடுசெய்து மிஞ்சிவிடும். எனவே உணவைத் திருத்தாத நடை மட்டும் போதாது. எனினும் நடை தசையைக் காத்து, இன்சுலின் நன்கு வேலை செய்யத் துணைபுரிகின்றது.

பெண்களுக்கும் இதில் பங்குண்டு. நபி (ஸல்) அவர்கள் பயணமொன்றில் ஆஇஷா (ரழி) அவர்களுடன் ஓட்டப் போட்டி வைத்தார்கள். ஆஇஷா (ரழி) வென்றார்கள். பின்னர் அவர்களுக்கு உடல் கனத்திருந்த காலத்தில் மீண்டும் ஓடினார்கள். இம்முறை நபியவர்கள் வென்று, இது முந்தியதற்குப் பதில் என வேடிக்கையாகக் கூறினார்கள். அபூதாவூதில் இச்செய்தி உண்டு. மனைவியின் உடல் கனத்ததைக் குத்திக்காட்டாமல் அவரோடு சேர்ந்து ஓடிய கணவரை இங்கு பாருங்கள். ஸுபஹுக்குப் பின் மனைவியுடன் சேர்ந்து நடக்கும் கணவர் ஒரு ஸுன்னத்தின் சாயலைப் பேணுகிறார்.

பெற்றோரின் கவனத்துக்கு

பருமனான பிள்ளையைப் பட்டப்பெயர் சூட்டி அழைக்காதீர்கள். ஸூறா அல்ஹுஜுராத் பரிகசிப்பதையும் பட்டப்பெயர் சூட்டுவதையும் தடுத்துள்ளது. இப்னு மஸ்ஊத் (ரழி) அவர்களின் மெலிந்த கால்களைக் கண்டு தோழர்கள் சிரித்தபோது, அவை மீஸானில் உஹது மலையைவிடக் கனமானவை என்று நபியவர்கள் உணர்த்தினார்கள். மெலிந்தவருக்கும் பருத்தவருக்கும் இதுவே பாடம். ஒருவரின் மதிப்பு அவரது நிறையில் இல்லை.

வளரும் பிள்ளையைப் பட்டினி போடவும் வேண்டாம். வீட்டில் வாங்கும் பானத்தை நிறுத்துங்கள். மாலையில் விளையாட விடுங்கள். டியூஷனுக்கும் தொலைபேசிக்கும் இடையில் ஒரு மணி நேரத்தை மைதானத்துக்குக் கொடுங்கள். அதைவிட முக்கியமாக, நீங்கள் உண்பதைப் பிள்ளை பார்க்கின்றது என்பதை மறவாதீர்கள்.

சில எச்சரிக்கைகளும் அவசியம். நீரிழிவுக்கோ உயர் குருதி அமுக்கத்துக்கோ மருந்து எடுப்பவர், கர்ப்பிணித் தாய்மார், இருதய நோயாளர் ஆகியோர் வைத்தியரைக் கேளாமல் உணவைக் குறைக்கவோ ஸுன்னத்தான நோன்புகளை அதிகரிக்கவோ கூடாது. பெயர் தெரியாத தூளும் குளிசையும் எவருக்கும் வேண்டாம். நம்மைப் போன்ற தெற்காசிய நாட்டவரில் ஆணுக்கு இடுப்புச் சுற்றளவு 90 சென்ரிமீற்றரையும், பெண்ணுக்கு 80 சென்ரிமீற்றரையும் தாண்டினால் நீரிழிவு, இருதய நோய் ஆகியவற்றின் அபாயம் கூடுகின்றது. ஓர் அளவு நாடா போதும். இன்றே அளந்து பாருங்கள். அளவு கூடியிருந்தால் அருகிலுள்ள அரசாங்க வைத்தியசாலையில் குருதியையும் பரிசோதித்துக் கொள்ளுங்கள்.

அந்த இளைஞர் ஐந்து மாதங்களின் பின் மீண்டும் வந்தார். நான்கு கிலோ குறைந்திருந்தது. "கொஞ்சம்தான் ஹஸ்ரத்" என்றார். "திரும்பி வந்ததா?" என்று கேட்டேன். "இல்லை" என்றார். பின்னர் மெதுவாகச் சொன்னார்: "உம்மா இப்போது எல்லோருக்கும் சேர்த்துச் சீனியில்லாமல்தான் தேநீர் ஊற்றுகிறார். வாப்பாவும் அதைத்தான் குடிக்கிறார்." நான்கு கிலோவைவிட அந்தச் செய்தியே எனக்குப் பெரிதாகத் தெரிந்தது.

அன்பின் நேயர்களே! இன்று இரவு ஒரேயொரு மாற்றத்தைத் தெரிவு செய்யுங்கள். அரைக் கரண்டி சீனியாக இருக்கலாம். இஷாவுக்கு நடந்து செல்வதாக இருக்கலாம். அல்லாஹ் தந்த அமானிதத்தைப் பேணுகிறேன் என்ற நிய்யத்தோடு அதனைத் தொடருங்கள். அது பழக்கமான பின் அடுத்ததற்குச் செல்லுங்கள்.

வல்ல அல்லாஹ் நமக்கும் நமது பிள்ளைகளுக்கும் ஆரோக்கியத்தையும், அதனைக் கொண்டு அவனை வணங்கும் பாக்கியத்தையும், நோயுற்றோருக்குப் பூரண சுகத்தையும் தந்தருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹி வபரகாத்துஹு.