கடலரிப்பும் அயலவர் உரிமையும்

 



சுற்றாடல் பாதுகாப்பு என்றதும் துருவப் பனி உருகுவதையும் தூரதேசத்துக் காடுகள் எரிவதையும் பேசுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. அவை பேசப்பட வேண்டியவைதாம். ஆயினும் பெரியநீலாவணை தொடக்கம் பொத்துவில் வரை கடலோரம் வாழும் நமக்கு, எந்தப் பனிமலையை விடவும் கிட்டிய விடயம் ஒன்றுண்டு. அது நமது காலடியிலுள்ள கடற்கரை மணல்.

ஒரு ஜும்ஆவின் பின்னர் வயது முதிர்ந்த காக்கா ஒருவர் என்னிடம், "மௌலவி, கடல் ஊருக்குள்ள வருகுதே, இது கியாமத்துடைய அடையாளமா?" என வினவினார். அருகில் நின்ற இளைஞர் ஒருவர், "இல்லை காக்கா, இது காலநிலை மாற்றம். உலகம் முழுக்க நடக்குது" என்றார். இருவரும் வெவ்வேறு விடயங்களைச் சொன்னது போலத் தோன்றும். ஆனால் இரண்டு பேச்சிலும் ஒன்று பொதுவாக இருந்தது: நடப்பதில் நமது கைக்கு எந்தப் பங்கும் இல்லை என்பதே அது. அல்குர்ஆனின் ஸூரா அர்ரூம் 41ஆம் வசனமோ கரையிலும் கடலிலும் தோன்றும் சீர்கேட்டை மனிதரின் கைகளோடு தொடர்புபடுத்துகிறது. எனவே அந்தக் கை எது என்பதைத் தேடுவது நம்மீதுள்ள பொறுப்பாகும்.

முதலில் அந்த இளைஞர் சொன்னதை எடுத்துக்கொள்வோம். கடல் உயர்வது மெய்யே. ஐக்கிய நாடுகளின் காலநிலை மாற்றம் தொடர்பான நிபுணர் குழு 2021இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 1901க்கும் 2018க்கும் இடையில் உலகக் கடல் மட்டம் சராசரியாக 20 சென்ரிமீற்றர் உயர்ந்துள்ளது. 2006இலிருந்து 2018 வரை ஆண்டுக்கு 3.7 மில்லிமீற்றர் என்ற வேகத்தில் அது ஏறியது. நிலக்கரியும் எண்ணெயும் எரித்துப் பூமியைச் சூடாக்கியதால் கடல்நீர் விரிகிறது. பனியும் உருகிச் சேர்கிறது. நமது கரை தட்டையானது. சிறிய உயர்வும் இங்கு பெரிய தூரம் உள்ளே வரும். இவற்றில் ஐயமில்லை.

ஆனால் ஒரு நூற்றாண்டில் ஒரு சாண் அளவே உயர்ந்த கடல், ஒலுவிலில் சில ஆண்டுகளுக்குள் தென்னந்தோட்டங்களையும் மீனவர் வாடிகளையும் தின்றது எவ்வாறு? காலநிலை மாற்றம் என்ற சொல்லால் மாத்திரம் இதற்கு விடை கூற முடியாது. அந்தச் சொல் சில வேளைகளில் நல்லதொரு போர்வையாகவும் பயன்படுகிறது என்பது எனது அபிப்பிராயம்.

விடை மணலின் பயணத்தில் இருக்கிறது. அலை கரைக்கு நேராக வருவதில்லை. சற்றுச் சாய்ந்தே வருகிறது. ஏறும்போது மணலைச் சாய்வாகத் தூக்கிச் செல்கிறது. இறங்கும்போது நேராக இழுத்து வருகிறது. ஆகவே ஒவ்வோர் அலைக்கும் மணல் கரையோரமாகச் சிறிது தூரம் நகர்ந்துவிடுகிறது. கரைவலை இழுப்போருக்கு இந்த ஓட்டம் புதிதன்று. வாடைக் காலத்தில் அது தெற்கு நோக்கித் திரும்புவதும் உண்டு. எனினும் ஆண்டு முழுவதையும் கூட்டிக் கழித்துப் பார்த்தால், நமது கிழக்குக் கரையில் மணல் தெற்கிலிருந்து வடக்கு நோக்கியே செல்கிறது. பாலமுனை மணல் ஒலுவிலுக்கு வருகிறது. ஒலுவில் மணல் நிந்தவூருக்குப் போகிறது. அங்கிருந்து காரைதீவு, மாளிகைக்காடு, சாய்ந்தமருது, கல்முனை என அது நடந்துகொண்டேயிருக்கிறது. நாம் "எங்கள் ஊர்க் கடற்கரை" என்று சொல்வது உண்மையில் வழிப்போக்கனாகிய மணல் தங்கிச் செல்லும் இடமே. போவதும் வருவதும் சமமாக இருக்கும் வரை கரை அசையாது நிற்பதாக நமக்குத் தோன்றும்.

ஒலுவில் துறைமுகம் 1990களில் விதைக்கப்பட்ட எண்ணம். மர்ஹூம் எம்.எச்.எம். அஷ்ரஃப் அவர்கள் துறைமுக அமைச்சராக இருந்த காலத்தில் இப்பிரதேசத்தின் இளைஞருக்குத் தொழில் கிடைக்கும் என்ற நல்ல நோக்குடனேயே அது நினைக்கப்பட்டது. அவரது மறைவுக்குப் பின்னர், டென்மார்க் நாட்டின் கடனுதவியுடன் 2008இல் கட்டுமானம் தொடங்கி, 2013 செப்டெம்பர் 1ஆம் திகதி துறைமுகம் திறந்துவைக்கப்பட்டது. வர்த்தகத் துறைமுகம் ஒன்றும் மீன்பிடித் துறைமுகம் ஒன்றும் அதில் அடங்கும். அவற்றைப் பாதுகாக்கக் கடலினுள் நீண்ட கல் அணைகள் போடப்பட்டன.

அந்த அணைகள் வழிப்போக்கனின் பாதையை மறித்தன. தெற்கிலிருந்து வந்த மணல் அணையில் தடைப்பட்டுச் சேர்ந்தது. பின்னர் அணையைச் சுற்றி வந்து துறைமுகத்தின் வாயிலையே அடைத்தது. வடக்குப் பக்கத்துக் கடலோ வழமை போலத் தனது மணலைச் சுமந்து சென்றது. ஆனால் அதற்கு ஈடாக வரவேண்டியது வரவில்லை. வரவு நின்று செலவு மட்டும் தொடர்ந்தால் ஒரு கடை என்னவாகும் என்பதை வியாபாரிகள் நிறைந்த நமது ஊர்களில் விளக்க வேண்டியதில்லை.

இதன் பின்னர் நடந்ததுதான் மிகவும் வருந்தத்தக்கது. மணல் மூடியதால் ஆழ்கடல் படகுகள் துறைமுகத்தினுள் வரவும் வெளியேறவும் முடியாத நிலை ஏற்பட்டது. வாயிலைத் திறந்து தாருங்கள் என மீனவர்கள் கேட்டனர். 2018இல் மணலை அகற்ற முற்பட்டபோது ஒலுவில் மக்கள் எதிர்த்தனர். "முதலில் எங்கள் நிலத்தைக் கடலிலிருந்து காப்பாற்றுங்கள், பின்னர் வாயிலைத் திறவுங்கள்" என்பது அவர்களது வாதம். ஒரு பக்கம் தொழிலை இழந்தவர்கள். மறுபக்கம் காணியை இழந்தவர்கள். ஒரே கிப்லாவை நோக்கித் தொழுபவர்கள் எதிரெதிரே நின்றார்கள்.

சற்றுச் சிந்தித்துப் பாருங்கள். துறைமுக வாயிலை அடைத்த மணல் எது? ஒலுவிலின் வடகரைக்குப் போய்ச் சேரவேண்டிய அதே மணல்! ஒருவருக்குத் தொல்லையாக இருப்பது மற்றவருடைய தொலைந்த பொருள். வாயிலிலிருந்து அள்ளியதை வடகரையில் சேர்த்தால் இருவரது முறைப்பாட்டுக்கும் ஒரே வேலையில் பெருமளவு பதில் கிடைக்கும். ஆழ்கடலில் கொட்டினாலோ, கட்டடங்களுக்கென லொறியில் ஏற்றினாலோ மீனவர் ஒரு பருவம் பிழைப்பார். ஒலுவிலார் மேலும் இழப்பர். ஆதலால் மணலை அகற்றுவதா இல்லையா என்பதைவிட, அகற்றிய மணல் எங்கே போகிறது என்பதே முதன்மையான கேள்வி.

அவுஸ்திரேலியாவில் ட்வீட் என்றோர் ஆறு உண்டு. அதன் முகத்துவாரத்து அணைகளும் இவ்வாறே மணலை மறித்தன. அங்கே நியூ சவுத் வேல்ஸ், குயின்ஸ்லாந்து என்ற இரு மாநிலங்கள் கூடிப் பேசி, 2001 முதல் தெற்கில் தேங்கும் மணலைக் குழாய் வழியே வடக்குக் கரைக்கு அனுப்பி வருகின்றன. அலை ஓய்வதில்லை, எனவே இந்த வேலையும் ஒருமுறை செய்து முடிக்கும் வேலையன்று. துறைமுகம் கட்டும் செலவில் இந்த ஆண்டுச் செலவையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும் என்பதையே இது காட்டுகிறது.

இனி கல் அணைகள் பற்றி ஒரு வார்த்தை. கடல் வந்துவிட்டது என்றதும் மக்கள் கேட்பது பாறாங்கல். வீட்டு வாசலில் அலை நிற்கும்போது அதைக் கேட்பவரைக் குறை கூற முடியாது. ஆயினும் கல் மணலை உண்டாக்குவதில்லை. கல் நிற்கும் இடத்தில் அரிப்புத் தடைப்படும். கல் முடியும் இடத்தில், அதாவது அடுத்தவரின் எல்லையில், அது மும்முரமாகத் தொடங்கும். புதுச்சேரியில் 1980களில் துறைமுகம் கட்டப்பட்டபோது இதுவே நிகழ்ந்தது. வடக்கேயிருந்த நகரக் கடற்கரை மறைந்தது; நகரைக் காக்கக் கல் கொட்டினார்கள்; அரிப்பு மேலும் வடக்கே நகர்ந்து, முஸ்லிம்கள் நிறைந்து வாழும் கோட்டக்குப்பத்தை அண்டிய மீனவர் குப்பங்களை எட்டியது. அவர்களும் கல் கேட்டார்கள்.

இங்கு ஃபிக்ஹுக் கலையின் பொது விதிகளில் ஒன்று நினைவுக்கு வருகிறது. தீங்கு நீக்கப்பட வேண்டும் என்று கூறும் இமாம்கள், அதனுடன் ஒரு நிபந்தனையையும் சேர்க்கிறார்கள்: ஒரு தீங்கை அதற்கு நிகரான மற்றொரு தீங்கினால் நீக்குதல் ஆகாது. எனது நட்டத்தை அயலவன் தலையில் இறக்கி வைப்பது நீக்குதல் அன்று, இடமாற்றுதல். நுஃமான் இப்னு பஷீர் (ரழி) அறிவிக்கும், புகாரியில் பதிவான கப்பல் உவமையை நீங்கள் பலமுறை கேட்டிருப்பீர்கள். கீழ்த்தட்டிலிருந்தோர் தண்ணீருக்காக மேலே போய் மற்றவர்களுக்குத் தொல்லை கொடுக்க வேண்டாமே என்றெண்ணித் தமது பகுதியில் துளையிட நினைத்தார்கள். அவர்கள் கெட்டவர்களாக அங்கு காட்டப்படவில்லை என்பதே என்னைச் சிந்திக்க வைக்கும் இடம். தமது பங்கில்தானே செய்கிறோம் என்று எண்ணினார்கள். கப்பலின் அடித்தளத்தைப் போலவே கடற்கரையிலும் தனிப் பங்கு என்று ஒன்றில்லை.

துறைமுகம் மட்டுமே காரணம் என்று கூறிவிட்டு நாம் தப்பிக்கவும் முடியாது. 1949இல் பணி தொடங்கிய கல்லோயாத் திட்டம் நமது வயல்களுக்குத் தண்ணீர் தந்தது. அது அல்லாஹ்வின் அருட்கொடை. ஆனால் ஆற்றை அணை கட்டி மறித்தால் அது கடலுக்குக் கொண்டு வரும் மணலும் குறையும். மிஞ்சியதையும் ஆற்றிலிருந்தும் கரையிலிருந்தும் வீடு கட்ட அள்ளினோம். தாழையை வெட்டினோம்; அடம்பன் கொடியைக் குப்பையெனக் கருதி அகற்றினோம். "அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு" என்பது நமது முன்னோர் சொன்னது. திரண்ட கொடி மணல்மேட்டைப் பிடித்து நிறுத்தும். 2004 டிசெம்பர் 26இல் ஆழிப்பேரலை அம்பாறை மாவட்டத்தில் மாத்திரம் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டு சென்றது. அத்தகைய அலையைக் கொடி தடுக்கும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஆண்டுதோறும் வாடையில் வரும் அலைக்கு அது ஓரளவு காவல்.

மார்க்க அறிஞர்கள் கிணற்றுக்கும் ஆற்றுக்கும் "ஹரீம்" என்றொரு எல்லையை வகுத்துள்ளனர். அந்த நீர்நிலை பயன்படுவதற்குத் தேவையான சுற்றுநிலத்தை எவரும் தமதாக்கிக் கொள்ளக் கூடாது. நமது நாட்டின் 1981ஆம் ஆண்டின் கரையோரப் பாதுகாப்புச் சட்டமும் உயர்நீர் எல்லையிலிருந்து தரைப்பக்கமாக 300 மீற்றரைக் கரையோர வலயம் என வரையறுத்து, அங்கு செய்யும் வேலைகளுக்கு அனுமதி பெறுமாறு கூறுகிறது. அதை அதிகாரிகளின் தொந்தரவாகக் காணாமல், கடலுக்குரிய ஹரீமாகக் கண்டால் என்ன?

அண்மைய ஆண்டுகளில் மாளிகைக்காட்டில் மையவாடியின் மதிலைக் கடல் அரித்தது. ஜனாஸாக்கள் அடக்கப்பட்ட மண்ணையே அலை தொடுவதைக் கண்ட பின்னரும் ஒவ்வோர் ஊரும் தனித்தனியே மகஜர் எழுதிக்கொண்டிருப்பதில் பயனில்லை. ஒலுவிலில் கல் போடுவது பற்றிப் பேசும் கூட்டத்தில் நிந்தவூர்ப் பள்ளிவாசல் நிருவாகத்தினரும் இருக்க வேண்டும். கல்முனை, சாய்ந்தமருது மீனவர் சங்கங்களும் இருக்க வேண்டும். நிந்தவூருக்கு வடக்கே இருப்பது காரைதீவு. நமது தமிழ்ச் சகோதரர்களின் ஊர். அயலவர் உரிமை கலிமாச் சொன்னவருக்கு மட்டும் உரியதன்று என்பதால், அவர்களது ஆலய நிருவாகத்தினருக்கும் அங்கே ஆசனம் போடப்பட வேண்டும். அக்கூட்டம் ஒக்டோபருக்கு முன்னர் நடப்பது நல்லது. வாடை தொடங்கிக் கடல் பொங்கிவிட்டால், கல் ஏற்றிய லொறி வரும் அவசரத்தில் யாரும் யாரையும் கேட்பதில்லை.