மூச்சுக்கு எத்தனை மார்க்?

உலகத்தில் பொய் அதிகம் புழங்கும் இடம் எது? தேர்தல் மேடையா? ஊஹூம்... டாக்டர் எதிரே இருக்கும் ஸ்டூல்! 'எப்படி இருக்கீங்க?' என்று அவர் கேட்டதுமே 'பரவால்ல டாக்டர்' என்று வந்து விழும்.

நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் (சுருக்கமாக சி.ஓ.பி.டி.) உள்ளவர்கள் இதில் கில்லாடிகள். வேண்டுமென்றே சொல்வதில்லை, பாவம்! படி ஏறினால் இரைக்கிறதா? ஏறுவதை விட்டுவிடுவார்கள். பஸ்ஸைத் துரத்தினால் மூச்சு வாங்குகிறதா? அடுத்த பஸ். கடைசியில் ஈஸிசேரில் சாய்ந்தபடி, 'எனக்கென்ன, இப்பல்லாம் இரைக்கறதே இல்லை' என்பார்கள். எப்படி சார் இரைக்கும்? எழுந்தால்தானே!

ஸ்பைரோமீட்டர் என்றொரு கருவி. 'ஊதுங்க, ஊதுங்க, இன்னும் ஊதுங்க' என்று விரட்டி, முதல் விநாடியில் வெளியே வரும் காற்றை அளப்பார்கள். நோயை உறுதிசெய்ய அது அவசியம். ஆனால் அதில் ஒரே அளவு வாங்கிய இரண்டு பேரில் ஒருத்தர் மார்க்கெட் போய் வருவார். இன்னொருத்தருக்கு பனியன் மாட்டவே மூச்சு முட்டும்!

வேல்ஸ் நாட்டு நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களை ஆராய்ந்த டாக்டர் சார்லஸ் ஃப்ளெட்சர், 1952-ல் மூச்சிரைப்பை ஐந்து படிகளாகப் பிரித்தார். எல்லாம் சாதாரணக் கேள்விகள். உங்க வயசுக்காரரோடு சமதரையில் சேர்ந்து நடக்க முடியுதா? கொஞ்ச தூரத்திலேயே நிற்கணுமா? டிரெஸ் மாற்றவே இரைக்குதா? சின்னச் சின்ன மாற்றங்களோடு இன்றும் இதைத்தான் கேட்கிறார்கள்.

2009-ல் 'கேட்' வந்தது. பதறாதீர்கள், எம்.பி.ஏ. நுழைவுத் தேர்வு இல்லை! எட்டே கேள்விகள், மொத்தம் 40 மார்க். இதில் மார்க் ஏற ஏற அவஸ்தையும் ஏறுகிறது என்று அர்த்தம். இருமல், சளி, மாடிப்படி, தூக்கம்... இவற்றோடு ஒரு கேள்வி: 'வீட்டை விட்டு வெளியே போக தைரியம் இருக்கிறதா?' எந்த மெஷின் அளக்கும் இதை?

அப்படியும் எட்டுக் கேள்விக்குள் வாழ்க்கை அடங்கிவிடுமா? கையைத் தூக்கித் தலை துவட்டுவது, குனிந்து ஷூ லேஸ் கட்டுவது, பேசிக்கொண்டே சாப்பிடுவது எல்லாம் அவர்களுக்கு மலையேற்றம். நேற்று முடிந்தது இன்று முடியாது. 'சோம்பேறி' என்று வீட்டிலேயே பெயர் வேறு!

சிகரெட் பிடித்த அப்பாவுக்கு மட்டுமில்லை, வருஷக்கணக்கில் விறகடுப்பு ஊதிய அம்மாவுக்கும் இது வரலாம். கெட்டுப்போன நுரையீரல் பழையபடி ஆகாதுதான். ஆனால் புகையை விட்டு, இன்ஹேலரை ஒழுங்காக எடுத்து, டாக்டர் சொல்லும் நடை, மூச்சுப் பயிற்சிகளைச் செய்தால், விட்டுப்போன வேலைகளில் சிலதையாவது திரும்பப் பிடிக்கலாம். அதற்கு, எதையெல்லாம் விட்டோம் என்பது டாக்டருக்குத் தெரிய வேண்டுமே!

அதனால் ஆபீஸுக்கு அரைநாள் லீவு போட்டு அவர்களோடு கூடப் போங்கள். போன வருஷம் செய்து, இந்த வருஷம் நிறுத்திவிட்ட வேலைகளை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொண்டுபோங்கள். எக்ஸ்ரேயில் தெரியாதது அந்தச் சீட்டில் தெரியும்!