மண்டபத்தில் இலவசம், வீடியோவில் விலை

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் கல்யாண வீட்டாருக்குத் தாராளமாகவே மொய் எழுதியிருக்கிறது. 1957ஆம் ஆண்டுச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, எதெல்லாம் உரிமை மீறல் ஆகாது என்று நீளமாக அடுக்குகிறது. மதச் சடங்குகளின்போது ஒரு பாடலைப் பாடுவதும், பதிவான இசையை ஒலிக்க விடுவதும் அந்தப் பட்டியலில் உண்டு. கல்யாண ஊர்வலமும், கல்யாணத்தை ஒட்டிய மற்றக் கொண்டாட்டங்களும் இதில் சேரும் என்று தனி விளக்கமும் இருக்கிறது. ஆகவே மாப்பிள்ளை அழைப்புக்கு பேண்டு செட் எந்தச் சினிமாப் பாட்டை வாசித்தாலும் யாருக்கும் பணம் கட்ட வேண்டியதில்லை.

ஆனால் ‘மற்றக் கொண்டாட்டங்கள்’ எதுவரை? நட்சத்திர ஓட்டலில் விடிய விடிய நடக்கும் டிஜே பார்ட்டியும் கல்யாணச் சடங்கா? இசை நிறுவனங்களுக்காகக் கட்டணம் வசூலிக்கும் பிபிஎல், நோவெக்ஸ் போன்ற அமைப்புகள் இந்த இடத்தில்தான் வழக்குக்குப் போயின. திருமணங்களுக்கு உரிமம் தேவையில்லை என்று 2019இல் மத்திய அரசு வெளியிட்ட அறிவிப்பை பஞ்சாப்-ஹரியானா உயர் நீதிமன்றம் 2022இல் ரத்து செய்தது. 2023 ஜூலையில் அரசு மறுபடி ஓர் அறிவிப்பு வெளியிட்டது. அதை ஒட்டி 2024 ஜனவரியில் கோவா அரசு போட்ட சுற்றறிக்கையை, அதே ஆண்டு ஆகஸ்டில் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் கோவா அமர்வு ரத்து செய்தது. சட்டத்தில் உள்ள சலுகை இன்றும் அப்படியே இருக்கிறது. அதன் எல்லையைச் சுற்றறிக்கை போட்டு நீட்டிக்க முடியாது என்பதுதான் தீர்ப்பின் சாரம்.

எல்லாரும் மண்டபத்து ஸ்பீக்கரைப் பற்றியே வாதாடுகிறார்கள். கல்யாண வீட்டார் பெரும்பாலும் மாட்டிக்கொள்வதோ அதற்கு அடுத்த கட்டத்தில், வீடியோவில்.

சட்டம் தரும் சலுகை, நிகழ்ச்சியின்போது இசைப்பதற்குத்தான். அதே பாட்டை எடுத்து, டிரோன் காட்சிக்கும் மெஹந்தி க்ளோசப்புக்கும் பின்னணியாகக் கோத்து, ஹைலைட்ஸ் என்று யூடியூபில் ஏற்றினால் கதை வேறு. 2007 முதல் யூடியூபில் இயங்கும் ‘கன்டென்ட் ஐடி’, ஏறும் ஒவ்வொரு வீடியோவையும் உரிமையாளர்கள் கொடுத்து வைத்த ஒலிகளோடு ஒப்பிட்டுப் பார்க்கிறது. பொருந்தினால் விளம்பர வருமானம் உரிமையாளருக்குப் போகலாம். வீடியோவே முடங்கவும் செய்யலாம். இன்ஸ்டாகிராமில் சத்தம் மட்டும் அணைந்துவிடுவது உண்டு. தாலி கட்டும் நேரத்தில் கெட்டிமேளக்காரர் அடிப்பது தெரியும், கேட்காது.

இதற்கு மாற்றாகத்தான் ‘ராயல்டி ஃப்ரீ’ இசையைத் தேடுகிறார்கள் எடிட்டர்கள். பெயரைப் பார்த்து ஓசி என்று நினைத்துவிடக் கூடாது. ஒவ்வொரு முறை ஒலிக்கும்போதும் தனித்தனியாகப் பணம் கட்ட வேண்டாம் என்பதே இதற்கு அர்த்தம். ஒருமுறை கட்டணமோ ஆண்டுச் சந்தாவோ செலுத்தி உரிமம் வாங்க வேண்டியவை ஏராளம். ஸ்டாக்ஹோமின் எபிடமிக் சவுண்ட், இஸ்ரேலின் ஆர்ட்லிஸ்ட் ஆகியவை சந்தா முறையில் நடப்பவை. காசே வேண்டாம் என்றால் யூடியூபின் சொந்த ஆடியோ லைப்ரரி இருக்கிறது. கெவின் மெக்லவுட் என்ற அமெரிக்க இசையமைப்பாளர் தன் படைப்புகள் பலவற்றைப் பெயர் போட்டால் போதும் என்ற நிபந்தனையில் பொதுவில் விட்டிருக்கிறார். அவர் பயன்படுத்துவது கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம். இதில் ‘வணிகப் பயன்பாடு கூடாது’ என்று சொல்லும் வகையும் உண்டு. மணமக்களுக்கு வீடியோ வெறும் நினைவுப் பொருள்தான். அதை எடுத்துக் கொடுக்கும் ஸ்டுடியோவுக்கு அது தொழில். அந்த வகை இசையைக் காசு வாங்கிச் செய்யும் வீடியோவில் சேர்ப்பது வம்பை விலைக்கு வாங்குவது.

இன்னொரு குழப்பம், பழைய பாட்டு என்றால் யாருக்கும் சொந்தமில்லை என்ற நம்பிக்கை. ஒரு பாட்டில் இரண்டு சொத்துகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கின்றன: எழுதி இசையமைத்த படைப்பு, அதைப் பாடிப் பதிவு செய்த ஒலிப்பதிவு. இந்தியாவில் படைப்பின் உரிமை, படைத்தவர் இறந்த பின்னும் 60 ஆண்டுகள் நீடிக்கும். ஒலிப்பதிவுக்கு, அது வெளியான ஆண்டின் முடிவிலிருந்து 60 ஆண்டுகள்.

தமிழ்க் கல்யாணங்களில் அரை நூற்றாண்டுக்கு மேலாக ஓயாமல் ஒலிக்கும் ‘வாராய் என் தோழி’யையே எடுத்துக்கொள்ளலாம். ‘பாசமலர்’ வெளியானது 1961. எல்.ஆர். ஈஸ்வரி குரலில் இருக்கும் அந்த ஒலிப்பதிவின் காலம் 2021 டிசம்பரோடு முடிந்தது. ஆனால் பாடலை எழுதிய கண்ணதாசன் மறைந்தது 1981இல். ஆகவே வரிகளுக்கு 2041 வரை உரிமை உண்டு. மெட்டமைத்த இரட்டையரில் ராமமூர்த்தி 2013இலும் விஸ்வநாதன் 2015இலும் மறைந்தார்கள். கூட்டாகப் படைத்ததற்குக் கடைசியாக மறைந்தவரின் ஆண்டுதான் கணக்கு. மெட்டு 2075 வரை காவலில். ஒலிப்பதிவு விடுதலையாகியும் உள்ளே இருக்கும் பாட்டு விடுதலையாகவில்லை. அமெரிக்கா போன்ற நாடுகளில் கணக்கே வேறு என்பதால், அங்கே ஒலிப்பதிவுக்கும் பூட்டு தொடரலாம்.

நேர்மாறான நிலையும் உண்டு. சர்ச் கல்யாணங்களில் மணமக்கள் வெளியே வரும்போது முழங்கும் மெண்டல்சனின் அணிவகுப்பு இசை 1842இல் ஷேக்ஸ்பியர் நாடகம் ஒன்றுக்காக எழுதப்பட்டது. 1858இல் விக்டோரியா மகாராணியின் மூத்த மகள் திருமணத்தில் வாசிக்கப்பட்ட பிறகே அது கல்யாண வழக்கமாகப் பரவியது. நம் பக்கத்தில் ‘சீதா கல்யாண வைபோகமே’ தியாகராஜருடையது. மெண்டல்சனும் தியாகராஜரும் மறைந்தது ஒரே ஆண்டில், 1847இல். இருவர் படைப்புகளும் இன்று உலகத்துக்கே பொது. ஆனால் போன வருடம் ஒரு பாடகி பாடி வெளியிட்ட சீதா கல்யாணம் பொதுச் சொத்தல்ல. அந்தப் பதிவு அதை வெளியிட்ட நிறுவனத்துக்குச் சொந்தம்.

இரண்டு பூட்டும் திறந்த பொக்கிஷங்களும் இல்லாமல் இல்லை. நாதஸ்வர வித்வான் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை மறைந்தது 1956இல். அவர் வாழ்ந்த காலத்தில் வெளியான தோடி ஆலாபனை இசைத்தட்டு இந்தியச் சட்டப்படி இன்று பொதுவுடைமை. ஊசி உரசும் சத்தத்தைப் பொறுத்துக்கொண்டால், ஒரு கல்யாண வீடியோவுக்கு அதைவிடக் கம்பீரமான தொடக்கம் கிடைக்காது.

சந்தாத் தளங்களில் தேடுவோர் சீக்கிரம் ஒன்றைக் கவனிப்பார்கள். ‘இந்தியக் கல்யாணம்’ என்று போட்டால் டோலக்கும் ஷெனாயும் சித்தாரும் வரிசை கட்டும். நாதஸ்வரம் வந்தாலும் பல நேரம் கீபோர்டில் வாசித்த போலி. சீவாளியின் கரகரப்பும் தவிலின் தொப்பி அதிர்வும் அதில் இருக்காது. காஞ்சிப் பட்டு உடுத்திய மணமகள் நடந்துவரும் காட்சிக்கு பஞ்சாபி டோல் ஒலிப்பது இப்படித்தான். இன்னொரு தொல்லை, ஆயத்தத் துண்டு இசைகள். ஒரே லூப்பை நூறு பேர் வாங்குகிறார்கள். அதில் ஒருவர் பாட்டு கட்டிக் கன்டென்ட் ஐடியில் பதிந்துவிட்டால், முறையாக உரிமம் வாங்கிய மற்றவர் வீடியோவுக்கும் நோட்டீஸ் வரும். அப்போது கைகொடுப்பது தளம் அனுப்பும் உரிமச் சான்றிதழ் ஒன்றுதான். அதை எடிட்டரிடமிருந்து கேட்டு வாங்கி வைப்பது, ஆல்பத்தை வாங்கி வைப்பதைப் போலவே அவசியம்.

உண்மையில், கல்யாண வீட்டிடமே நல்ல இசை இருக்கிறது. முகூர்த்தத்துக்கு நாதஸ்வரச் செட் எப்படியும் வருகிறது. மைக் செட்காரரின் மிக்சரிலிருந்து ஒரு வயர் இழுத்து ரெக்கார்டரில் போட்டுக்கொண்டால், தெளிவான ஒலி கிடைத்துவிடும். தியாகராஜர் கீர்த்தனை, மல்லாரி, ஆலாபனை என்றால் படைப்புரிமைச் சிக்கல் இல்லை. சம்பந்தி கேட்டு வாசித்த சினிமாப் பாட்டு என்றால் அந்தப் பகுதியை மட்டும் வெட்டிவிட வேண்டும். வித்வான்களிடம் முன்கூட்டியே சம்மதம் கேட்பதும் முறை. தம் வாசிப்பின் மேல் கலைஞர்களுக்குச் சட்டம் 50 ஆண்டு உரிமை தந்திருக்கிறது. சன்மானம் பேசும்போதே பதிவுக்கும் சேர்த்து ஒரு தொகை பேசி, இரண்டு வரி எழுதி வாங்கிக்கொண்டால் போதும்.